உறைந்த இனிப்புகள்: அச்சம் குளிர்ச்சியின் மேல், கெடுதல் சர்க்கரையில்

ஐஸ்கிரீம், குச்சி ஐஸ், பழச்சாற்றை உறையவைத்துச் செய்யும் சோர்பே, வண்ணப் பாகு கலந்த பனிக்கூழான ஸ்லஷ் முதலிய, சர்க்கரை சேர்த்து உறையவைத்த தின்பண்டங்கள் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கெடுதலா என்பது கேள்வி. நேரடியான பதில் இது: இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு அவை வேண்டவே வேண்டாம். அதற்கு மேற்பட்ட குழந்தைகளும் உடல்நலம் உள்ள பெரியவர்களும் எப்போதாவது, சிறிய அளவில், சாப்பாட்டை ஒட்டிச் சாப்பிடுவதால் தீங்கு வரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஸ்லஷ் மட்டும் இதற்கு விலக்கு, அதைப் பற்றிப் பின்னால் தனியே சொல்கிறேன். அன்றாடப் பழக்கமாகிவிட்டால் பல்லில் தொடங்கிக் கல்லீரல் வரை கெடுதல் உண்டு. இதைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இப்பண்டங்களைப் பற்றிப் பெற்றோர்களுக்கு உள்ள அச்சம் பெரும்பாலும் தவறான இடத்தில் இருக்கிறது. சளி பிடிக்கும், தொண்டை கட்டும் என்று குளிர்ச்சிக்கு அஞ்சுகிறார்கள். அதே கிண்ணத்தில் இருக்கும் சர்க்கரையைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் குளிர்ச்சியைப் பார்த்துவிடுவோம். சளியை உண்டாக்குபவை வைரஸ்கள். அவற்றில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன, ரைனோவைரஸ் அவற்றுள் மிகப் பரவலானது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இருமல், தும்மல், கை வழியாக அவை தொற்றுகின்றன. ஐஸ்கிரீம் அவற்றை உருவாக்குவதில்லை. டான்சில் அறுவைக்குப் பின் தொண்டை வலிக்கு இதமாகக் குளிர்ந்த உணவைக் கொடுப்பது மருத்துவமனைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் என்பதையும் நினைவில் கொள்ளலாம். ஆஸ்துமா உள்ள சில குழந்தைகளுக்கு மிகக் குளிர்ந்த பொருள் தொண்டையைத் தொட்டதும் இருமல் கிளம்பக்கூடும். அப்படி இருமுகிற குழந்தைக்குத் தவிர்த்துவிடுவது சரி. வேகமாக விழுங்கும்போது நெற்றியில் சுரீரென்று வரும் வலி, மேலண்ணம் திடீரெனக் குளிர்வதால் அங்குள்ள இரத்த நாளங்கள் சுருங்கி விரிவதோடு தொடர்புடையது. அது பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களுக்குள் தானாக அடங்கிவிடும், ஆபத்தற்றது.

சர்க்கரைக்கு வருவோம். இந்தப் பண்டங்களில் சர்க்கரை அதிகமாக இருப்பதற்குத் தயாரிப்பாளரின் பேராசை மட்டும் காரணமன்று. குளிர்ச்சியே அதைக் கேட்கிறது, அதுவும் இரண்டு விதமாக. நாக்கின் சுவை அரும்புகளில் இனிப்பை மூளைக்கு உணர்த்தும் வழியில் டிஆர்பிஎம்5 என்ற புரத வாயில் ஒன்று உள்ளது. வெப்பநிலை 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி செல்சியசுக்கு உயரும்போது அதன் செயல்பாடு வெகுவாகக் கூடுகிறது என்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. உறைநிலையில் உள்ள பொருள் நாக்கைத் தொடும்போது அந்த வாயில் சோம்பிக் கிடக்கிறது. ஆகவே அறை வெப்பத்தில் போதுமென்று தோன்றும் இனிப்பு, உறைந்த நிலையில் சப்பென்று இருக்கும். முழுதும் உருகிய ஐஸ்கிரீமை ஒரு கரண்டி சுவைத்துப் பாருங்கள், திகட்டும். இரண்டாவதாக, நீரில் கரைந்த சர்க்கரை அதன் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. சர்க்கரை குறைந்தால் பண்டம் கல்லாக இறுகிவிடும், கரண்டி இறங்காது. எனவே சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் சுவையும் கெடும், பதமும் கெடும். இனிப்பின் அளவைச் சொல்லும் நாக்கின் தீர்ப்பை இங்கே நம்ப முடியாது என்பதே இதிலிருந்து பெற்றோர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

பால் கொழுப்புள்ள சாதாரண ஐஸ்கிரீமில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை, 11 கிராம் கொழுப்பு, 200 கலோரி இருக்கும். அந்த 20 கிராமில் ஐந்தாறு கிராம் பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ், எஞ்சியது சேர்க்கப்பட்டது. சோர்பே போன்றவற்றில் பதத்தை மென்மையாக்கக் கொழுப்பு இல்லாததால் சர்க்கரையின் விகிதம் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ‘கொழுப்பற்றது’, ‘பழத்தால் செய்தது’ என்ற சொற்களைக் கண்டு அவற்றை நலமானவை என்று எண்ணி வாங்குபவர்கள் பலர். கொழுப்பு இல்லை என்பது உண்மைதான். சர்க்கரைக் கணக்கில் அவை மேலானவை அல்ல.

அளவிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஐஸ்கிரீமைக் கடையும்போது காற்று கலக்கப்படுகிறது. சில வகைகளில் கிண்ணத்தில் உள்ள கனஅளவில் பாதிவரை காற்றுதான். காற்று குறைந்த, கெட்டியான உயர்தர வகையில் அதே கிண்ணம் ஏறக்குறைய இரு மடங்கு எடை இருக்கலாம், கலோரியும் அதற்கேற்ப ஏறும். ஆகையால் மில்லிலிட்டரைப் பார்ப்பதைவிட, உறையில் கிராம் எவ்வளவு என்று பார்ப்பதே பயன் தரும்.

இனி வரம்பு. உலக சுகாதார அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்பட்ட சர்க்கரை, தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை. நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் பெரியவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். அமெரிக்க இதய சங்கம் 2016இல், 2 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், இரண்டு வயதுக்குக் கீழ் சேர்க்கவே கூடாது என்றும் பரிந்துரைத்தது. ஏறத்தாழ 65 கிராம் எடையுள்ள சிறிய உருண்டை ஐஸ்கிரீமில் சேர்க்கப்பட்ட சர்க்கரை சுமார் 10 கிராம். 25 கிராம் வரம்பில் இது பெரிய தொகையாகத் தோன்றாது. ஆனால் நான்கு வயதுக் குழந்தையின் தேவை நாளுக்கு 1300 கலோரி அளவுதான். 5 விழுக்காட்டுக் கணக்கு அதற்கு 16 கிராம் என்றுதான் வரும். அதே நாளில் காலையில் இனிப்புப் பால், மாலையில் இரண்டு பிஸ்கட் என்று வந்திருந்தால், ஐஸ்கிரீம் கைக்கு வருமுன்பே வரம்பு நிறைந்திருக்கும். இரண்டு உருண்டை, மேலே சாக்லேட் பாகு, இனிப்பான கூம்பு என்று சேர்ந்தால் அது ஒரு பெரியவரின் கடுமையான வரம்பையே தொட்டுவிடும்.

இரண்டு வயதுக்குக் கீழ் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவர்களுக்கு வரலாறு தற்செயலாக ஒரு சான்றைத் தந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில் முடிந்தது. உடனே அந்நாட்டு மக்கள் உண்ட சர்க்கரை ஏறக்குறைய இரு மடங்கானது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை முதுமை வரை ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வெளியாயிற்று. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் குறைந்த சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவின் அபாயம் சுமார் 35 விழுக்காடும், உயர் இரத்த அழுத்தத்தின் அபாயம் சுமார் 20 விழுக்காடும் குறைவாக இருந்தன. ‘ஒரு நக்கு கொடுத்தால் என்ன ஆகிவிடும்’ என்று அன்போடு கைக்குழந்தையின் வாயில் வைக்கிறார்கள். ஒரு நக்கால் ஒன்றும் ஆகாது, அது அடுத்தடுத்துக் கேட்கும் பழக்கமாவதுதான் கவலை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, தேன் சேர்த்து வீட்டில் உறையவைத்ததையும் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோயை உண்டாக்கும் நுண்வித்துகள் உறையவைப்பதால் அழிவதில்லை.

பற்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குழந்தைகளிடம் முதலில் தெரியும் சேதம் அங்கேதான். வாயில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (அது குறையக் குறைய அமிலம் கூடுதல்) சுமார் 5.5க்குக் கீழ் இறங்கும்போது, பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி நேரம் அல்லது அதற்கும் மேல் ஆகும். ஒவ்வொரு முறை சர்க்கரை வாய்க்குள் போகும்போதும் இந்தச் சுழற்சி புதிதாகத் தொடங்குகிறது. ஆகவே மொத்தம் எவ்வளவு தின்றோம் என்பதற்கு இணையாக, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். சுவீடனில் 1945 முதல் 1953 வரை நடந்த விபெஹோம் ஆய்வு இதை ஐயமின்றி நிறுவியது: சாப்பாட்டோடு உண்ட சர்க்கரையைவிட, இடைவேளைகளில் பல்லில் ஒட்டும்படி உண்ட சர்க்கரையே சொத்தையை வெகுவாகக் கூட்டியது. அறிவுத்திறன் குறைபாட்டுக்காகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர்களுக்குத் திட்டமிட்டு இனிப்புக் கொடுத்து அவர்களுடைய பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது. அந்த அநீதியைச் சொல்லாமல் அதன் முடிவை மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த அளவுகோலில் ஐஸ்கிரீமைவிடக் குச்சி ஐஸ்தான் மோசமானது. ஐஸ்கிரீம் சில நிமிடங்களில் வாயைக் கடந்துவிடும். பாலின் கால்சியமும் புரதமும் பல்லுக்கு ஓரளவு காப்பாகவும் அமைகின்றன. குச்சி ஐஸோ நெடுநேரம் உறிஞ்சப்படுகிறது. புளிப்புக்காகச் சேர்க்கும் சிட்ரிக் அமிலம், பாக்டீரியாவின் உதவி இல்லாமலே எனாமலை மென்மையாக்குகிறது. தின்றபின் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், வாயைக் கொப்புளிக்கச் செய்யுங்கள். புளிப்பானதைத் தின்ற உடனே பல் துலக்குவது நல்லதன்று. மென்மையான நிலையில் உள்ள எனாமல் தேயும், அரைமணி நேரமாவது கழியட்டும்.

சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை நான் உண்மையிலேயே அஞ்சுவது ஸ்லஷ் எனப்படும் பனிக்கூழ் பானத்துக்குத்தான், குறிப்பாகச் ‘சர்க்கரை இல்லாதது’ என்று விற்கப்படும் வகைக்கு. பானம் கட்டியாக உறையாமல் கூழாகவே இருக்கச் சர்க்கரை வேண்டும். அதைக் குறைத்தால் அதன் இடத்தில் கிளிசரால் என்ற இனிப்புத் திரவத்தைச் சேர்க்கிறார்கள். பெரியவர்கள் உடலில் அது பிரச்சினை செய்வதில்லை. உடல் எடை குறைந்த குழந்தை, வெறும் வயிற்றில், வேகமாகக் குடிக்கும்போது இரத்தத்தில் சர்க்கரை சரிந்து, மயக்கமும் நினைவிழப்பும் வரலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இவ்வாறு மருத்துவமனைக்கு வந்த 21 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2025இல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் குடித்த ஒரு மணி நேரத்துக்குள் நோயுற்றவர்கள். நல்லவேளையாக எல்லோரும் தேறினார்கள். அதே ஆண்டில் பிரிட்டனின் உணவுத் தரக் கண்காணிப்பு அமைப்பு, ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கிளிசரால் கலந்த ஸ்லஷ் கொடுக்கவே வேண்டாம் என்றும், ஏழிலிருந்து பத்து வயது வரை 350 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றும் அறிவுரையைக் கடுமையாக்கியது. ஸ்லஷ் குடித்த குழந்தை காரணமின்றித் தூங்கி வழிந்தாலோ, குழறினாலோ, வாந்தி எடுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். என்ன குடித்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை தின்றால் குழந்தைக்கு அளவுக்கு மீறிய துள்ளல் வருகிறது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. 1995இல் 23 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றியதாகத் தெரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான மற்றொரு சோதனையில், சர்க்கரையே கொடுக்காமல் ‘கொடுத்திருக்கிறோம்’ என்று தாய்மாரிடம் சொன்னபோது, அவர்கள் தங்கள் மகன்களை வழக்கத்தைவிடத் துடுக்கானவர்களாக மதிப்பிட்டார்கள். சாயங்களின் கதை சற்று வேறு. 2007இல் வெளியான சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வில் சில செயற்கை வண்ணங்களும் சோடியம் பென்சோவேட்டும் சேர்ந்த கலவை சில குழந்தைகளின் கவனத்தைப் பாதித்ததாகக் காணப்பட்டது. அதைத் தொடர்ந்து, டார்ட்ரசீன் உள்ளிட்ட ஆறு சாயங்கள் சேர்ந்த உணவுகளில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்று 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது. கண்ணைப் பறிக்கும் நிறம் உள்ள ஐஸை ஒதுக்கிவிட்டு நிறம் குறைந்ததை எடுப்பதில் எந்த இழப்பும் இல்லை.

பெரியவர்களுக்கு வேறு கணக்கு. வளரும் உடலின் தேவை அவர்களுக்கு இல்லை; மிஞ்சிய கலோரி இடுப்பிலும் கல்லீரலிலும் படிகிறது. சர்க்கரையில் பாதியான ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலில்தான் கையாளப்படுகிறது. அளவு மீறித் தொடர்ந்து வரும்போது கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது, இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பும் ஏறுகிறது. ஐஸ்கிரீமின் 100 கிராமில் உள்ள ஏழு கிராம் நிறைவுற்ற கொழுப்பு, நாளொன்றுக்கு ஏற்கத்தக்க 22 கிராமில் மூன்றில் ஒரு பங்கு. ஐஸ்கிரீம் சாப்பிடுபவர்களுக்கு நீரிழிவு குறைவாக வருகிறது என்ற செய்தியைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். நெடுங்காலக் கண்காணிப்பு ஆய்வுகள் சிலவற்றில் அப்படிப்பட்ட தொடர்பு தென்பட்டது உண்மை. ஆனால் உடல் எடையோ இரத்தச் சர்க்கரையோ கூடியவர்கள் மருத்துவர் சொல்லி முன்னதாகவே ஐஸ்கிரீமை நிறுத்தியிருப்பார்கள் என்பதால், சாப்பிடாதவர் கூட்டத்தில் நோயாளிகள் சேர்ந்துவிடுகிறார்கள். ஐஸ்கிரீமை மருந்தாக்கும் அளவுக்கு அந்தச் சான்று வலுவானது என்று நான் கருதவில்லை.

நீரிழிவு உள்ளவர்களிடம் ‘ஒருபோதும் தொடாதீர்கள்’ என்று நான் சொல்வதில்லை. ஒரு சிறிய உருண்டையில் சர்க்கரை உள்ளிட்ட மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) சுமார் 16 கிராம் உண்டு. அந்த வேளையின் உணவில் அந்த அளவைக் குறைத்துவிட்டு அதைச் சேர்க்கலாம். சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைக் கொழுப்பு தாமதப்படுத்தும் என்பதால் ஒரு மணி நேரத்தில் பார்த்த அளவை மட்டும் நம்பி ஆறுதல் அடையக் கூடாது. அதே காரணத்தால், சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் வரும்போது ஐஸ்கிரீம் உதவாது. அப்போது வேண்டியது குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்த சர்க்கரையோதான். ‘டயட்’ வகைகளில் சேர்க்கும் மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் அதிகமானால் வயிற்றுப்போக்கைத் தரும்.

கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் தூய்மைதான் கூடுதல் கவலை. லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் பெருகும், உறைந்த நிலையிலும் உயிரோடு இருக்கும். இயந்திரத்திலிருந்து நேரடியாகப் பிழிந்து தரும் மென்மையான ஐஸ்கிரீம், அந்த இயந்திரம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அந்த அளவுக்கே பாதுகாப்பானது. உருகி மீண்டும் உறைந்ததன் அடையாளமாகப் பெரிய பனிப் படிகங்கள் தெரியும் பெட்டியை யாரும் வாங்க வேண்டாம்.

வீட்டில் எப்படிக் கையாள்வது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. முழுத் தடை பயன் தருவதில்லை. குறிப்பிட்ட தின்பண்டத்தைக் கண்முன் வைத்துத் தடுத்தபோது குழந்தைகளுக்கு அதன்மேல் நாட்டம் கூடியதை 1999இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது. ‘காய்கறியைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்’ என்று பரிசாக்கும்போது, காய்கறி தண்டனை என்றும் ஐஸ்கிரீம் மேலானது என்றும் நாமே கற்றுக்கொடுக்கிறோம். பெரிய பெட்டியை வீட்டில் வாங்கி வைக்காமல், வாரத்தில் ஒரு நாளைப் பெற்றோரே தீர்மானித்து, அன்று மதியச் சாப்பாட்டோடு, மேலே எதுவும் ஊற்றாமல் ஒரு சிறிய உருண்டையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவது நல்ல வழி. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடட்டும், பெரியவர்களும் அதே அளவையே எடுத்துக்கொள்ளட்டும். தாய் தந்தையர் இரவில் பெட்டியோடு உட்கார்ந்தால் எந்த விதியும் நிற்காது. மற்ற நாட்களில் கேட்கும் குழந்தைக்கு, நன்கு கனிந்த வாழைப்பழத்தை நறுக்கி உறையவைத்து, கெட்டித் தயிரோடு அரைத்துக் கொடுக்கலாம். பழத்தின் சர்க்கரை உண்டு, சேர்த்த சர்க்கரை ஒரு துளியும் இல்லை, நார்ச்சத்து பழத்திலேயே தங்கிவிடுகிறது. பழச்சாற்றை மட்டும் வடித்து அச்சில் ஊற்றி உறையவைத்தால் அது மீண்டும் குச்சி ஐஸ்தான்.